ஏழரை லட்சத்துக்கு எதற்கு நிலப்பத்திரம்?

காவிரிக்கரை:
நேற்று இங்கே ஒருவர், "சொத்துப் பத்திரம் இல்லாதவர்கள் கல்விக்கடன் கேட்டு வங்கிப் பக்கமே போகாதீர்கள்" என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 4 லட்சம் வரை சொத்தோ ஜாமீனோ எதுவுமே கேட்கக்கூடாது. மாணவர் கடனைக் கட்டாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதித் திட்டம் 2015-இல் வந்தபின் 7.5 லட்சம் வரைக்கும் சொத்தும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம். ஏழைப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்.

ஓய்வு மேலாளர்:
எழுதியவன் நான்தான். 31 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன். 4 லட்சத்தைத் தாண்டினால் வெளியாள் ஜாமீன், 7.5 தாண்டினால் சொத்து. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் சொல்வது இதுதான். உங்கள் ஏழரை எங்கிருந்து வந்தது?

காவிரிக்கரை:
அந்தப் பழைய திட்டத்திலேயே நின்றுவிட்டீர்கள் ஐயா. திட்டத்தின் பெயரையும் வருடத்தையும் சொன்னேன். 7.5 லட்சம் வரை ஜாமீன் கிடையாது.

சேலத்து அக்கா:
என் நாத்தனார் மகளுக்குக் கவுன்சிலிங்கில் சீட் கிடைத்தது. கேட்டது 6 லட்சம். மாமனார் வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துப் போனார்கள். மேலாளர் சர்வே எண்ணைப் பென்சிலால் சுழித்துவிட்டு, "வில்லங்கச் சான்று எங்கே?" என்றாராம். ஏட்டில் ஏழரை இருந்து என்ன, கவுன்டரில் இல்லையே அண்ணா.

காவிரிக்கரை:
அதைத்தானே சொல்கிறேன்! 6 லட்சத்துக்குப் பத்திரம் கேட்டதே தப்பு.

ஓய்வு மேலாளர்:
அந்த உத்தரவாத நிதி, கட்டாமல் போன தொகையில் 75 சதவீதத்துக்குத்தான் பொறுப்பேற்கும். மீதி 25 கிளையின் தலையில். பையன் கட்டாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்வது நீங்களா?

காவிரிக்கரை:
அந்த 25-க்காகத்தான் வட்டி வாங்குகிறீர்கள். போன வருடம் பயிர்க்கடன் விவாதத்திலும் இப்படித்தான் கிளைக்காக உருகினீர்கள். நான் மறக்கவில்லை.

ஓய்வு மேலாளர்:
பயிர்க்கடனை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? அன்று தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லையா?

கணக்குப்பிள்ளை:
அப்பா போடும் கையெழுத்தும் ஜாமீன்தானே? அப்புறம் ஜாமீன் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

காவிரிக்கரை:
அப்பா இணைக் கடன்தாரர். நான் பேசுவது வெளியாள் ஜாமீன். குழப்பாதீர்கள். 7.5 லட்சம்.

கணக்குப்பிள்ளை:
2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலக்ஷ்மி கல்விக்கடன் திட்டத்தில் ஜாமீனே கிடையாது. வருட வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. இன்னும் 2015-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

ஓய்வு மேலாளர்:
அது பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான். முதல் பட்டியலில் இருந்ததே 860 கல்லூரிகள். இவர் பையன் படிக்கும் கல்லூரி அதில் உண்டா என்று கேளுங்கள்.

காவிரிக்கரை:
என் பையன் கல்லூரியை இழுக்காதீர்கள். கவுன்சிலிங்கில் ரேங்க் வாங்கிப் போனவன் அவன். பட்டியலில் இல்லாத கல்லூரிப் பிள்ளைக்குத்தான் இந்த ஏழரை உயிர்நாடி. அதனால்தான் விடாமல் சொல்கிறேன்.

ஓய்வு மேலாளர்:
இந்த விவாதத்துக்கே ஏழரைச் சனி பிடித்திருக்கிறது. கிளைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

காவிரிக்கரை:
போன மாதம் 3 முறை போனேன். கிளையின் பெயர் வேண்டாம். 5.8 லட்சம் கேட்டேன், "நிலப்பத்திரம் இருக்கிறதா?" என்றார்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், மேலதிகாரி ஒப்புதலும் வேண்டுமே என்றேன். கோப்பை மூடி என் பக்கமே தள்ளினார்கள். ஒரு வரி எழுதித் தரவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் 7.5 லட்சம் வரை ஜாமீன் கிடையாது.

ஓய்வு மேலாளர்:
4 லட்சம்.

காவிரிக்கரை:
திங்கட்கிழமை மறுபடி போகிறேன். ஏழரை.