13.51 எப்படி 13.6 ஆகும்? தன்னார்வ நடுவர்கள் மீது ஒரு புகார், அதற்கு என் பதில்

புகைபார்ப்பவன்: நேற்று ஓர் அப்பா இங்கே எழுதியிருந்தார்: "உள்ளூர் தடகளப் போட்டிக்குத் தன்னார்வலராக வருகிறவர்களுக்கு ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்துவது தவிர வேறு வேலை இல்லை. அதையும் ஒழுங்காகச் செய்யாமல், என் மகள் 100 மீட்டரில் ஓடிய 13.51 விநாடியை 13.6 ஆக்கிவிட்டார்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பதினோரு வருடமாக ஃபினிஷ் லைனில் நிற்கிறேன். கையால் எடுத்த நேரத்தில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும். 10.11 என்றால் 10.2. இது உலக தடகள விதி, நான் வீட்டில் உட்கார்ந்து எழுதியதல்ல.

ஓடும்பிள்ளைஅப்பா: அந்த அப்பா நான்தான். 13.51க்குப் பக்கத்தில் இருப்பது 13.5. இதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். தகுதி நேரம் 13.5. நூறில் ஒரு பங்குக்காக ஒரு பிள்ளையை அழவைத்து அனுப்பிவிட்டு விதி பேசுகிறீர்களா?

புகைபார்ப்பவன்: ஏற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டத்தைத் தொடங்கச் சுடும் துப்பாக்கியின் புகையைக் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும். முடிவுக் கோட்டில் ஓடுபவர் வருவது முன்பே தெரிவதால் அங்கே விரல் முந்திக்கொள்ளும். அதனால் கை நேரம் பெரும்பாலும் உண்மையை விடக் குறைவாகவே வரும். உங்கள் மகளுக்குக் கிடைத்த சலுகையில் கொஞ்சத்தைத்தான் விதி திரும்ப எடுத்தது.

ஓடும்பிள்ளைஅப்பா: சலுகையா! மூன்று வாட்சில் ஒன்று 13.48 காட்டியது. நானே எட்டிப் பார்த்தேன். அது எங்கே போனது?

புகைபார்ப்பவன்: மற்ற இரண்டும் 13.51, 13.55. ஏற்றினால் 13.5, 13.6, 13.6. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். நடுவில் உள்ளதை எடுத்தாலும் அதே 13.6தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் 13.6.

மணல்வாரி: ஸ்டாப்வாட்ச்காரர்கள் பேசுவதைப் பார்த்தால் போட்டியே அவர்கள் விரலில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. நீளம் தாண்டுதல் குழியில் காலை எட்டு மணியிலிருந்து ரேக் பிடித்து மணலைச் சமன் செய்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? நாங்களும் முழு சென்டிமீட்டருக்குக் குறைத்துத்தான் எழுதுகிறோம். 5 மீட்டர் 23.9 சென்டிமீட்டர் என்றால் 5.23. எங்களிடம் எந்த அப்பாவும் சண்டைக்கு வந்ததில்லை.

ஓடும்பிள்ளைஅப்பா: பார்த்தீர்களா? நேரம் என்றால் ஏற்றுவார்கள், தூரம் என்றால் இறக்குவார்கள். இரண்டிலும் அடி வாங்குவது பிள்ளைகள்தான். 13.51 என்பது 13.5தான்.

பேட்டன்4: புகைபார்ப்பவரே, உங்கள் நியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் 4x100 ரிலேயில் எங்கள் அணிக்கு மஞ்சள் கொடி காட்டி வெளியேற்றியது நீங்கள்தானே? பையன் கோட்டுக்குள்தான் நின்றான்.

புகைபார்ப்பவன்: பையன் எங்கே நின்றான் என்பது கேள்வியே இல்லை. பேட்டன், அதாவது ரிலே கட்டை, எங்கே கை மாறியது என்பதுதான் கணக்கு. 30 மீட்டர் மாற்றுப் பகுதியைத் தாண்டிப் பேட்டன் போன பிறகுதான் அடுத்தவன் கைக்கு வந்தது. வெயிலில் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதே கொடியைத்தான் தூக்குவேன்.

பேட்டன்4: குனிந்து பார்த்தீர்களா? கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

புகைபார்ப்பவன்: அபாண்டம். போட்டி நடக்கும்போது என் கைப்பேசி பைக்குள் இருக்கும். என்னோடு நின்ற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

புதுவாட்ச்: சென்ற மாதம்தான் முதன்முறையாகத் தன்னார்வலராகப் போனேன். ஒரு சந்தேகம். நான் வெடிச் சத்தம் கேட்டதும் அழுத்தினேன். அது தப்பா?

புகைபார்ப்பவன்: தப்பு தம்பி. 100 மீட்டர் ஓட்டத்தில் சத்தம் முடிவுக் கோட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். நீங்கள் நின்ற லேன்காரருக்கு அவ்வளவு நேரத்தைச் சும்மா கொடுத்துவிட்டீர்கள். துப்பாக்கி சுடும் ஸ்டார்ட்டர் கையை உயர்த்தியதும் துப்பாக்கி முனையையே பாருங்கள், கண் சிமிட்டாதீர்கள். முடிவில் தலையையோ காலையோ பார்க்காதீர்கள். உடற்பகுதி, அதாவது மார்பு கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். இதைப் பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. இதைத்தான் ஒருவர் "பொத்தானை அழுத்துவது" என்று எழுதியிருக்கிறார்.

ஓடும்பிள்ளைஅப்பா: நீங்களே சொல்லிவிட்டீர்கள்! ஒருவர் சத்தம் கேட்டு அழுத்துகிறார், ஒருவர் புகை பார்த்து அழுத்துகிறார். இந்த லட்சணத்தில் நூறில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு என் மகளை வெளியே தள்ளுவீர்களா? மின்னணு நேரம் வையுங்கள்.

புகைபார்ப்பவன்: வைக்கப் பணம் யார் தருவது? 400 மீட்டர் வரையான உலக சாதனைகளுக்கு 1977 முதல் மின்னணு நேரம் மட்டும்தான் செல்லும் என்பது எனக்கும் தெரியும். அந்த நேரம் எடுக்கும் கேமரா வாங்க முடியாத போட்டிகளும் நடக்க வேண்டாமா? அதற்காகத்தான் மூன்று பேர், மூன்று வாட்ச், ஏற்றி எழுதும் விதி எல்லாம். மின்னணுவில் ஓடியிருந்தால் உங்கள் மகளுக்கு 13.6ஐ விட அதிகமாகவே வந்திருக்கும். 100 மீட்டரில் கை நேரத்தோடு 0.24 விநாடி கூட்டித்தான் ஒப்பிடுவார்கள்.

மணல்வாரி: மறுபடியும் வாட்ச். ரேக் பிடிக்க அடுத்த போட்டிக்கு ஆள் இல்லை, அதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஓடும்பிள்ளைஅப்பா: 13.51 என்பது 13.5.

புகைபார்ப்பவன்: சரி, அடுத்த போட்டிக்கு நீங்களே வந்து ஒரு வாட்ச் பிடியுங்கள். ஒரே ஒரு ஹீட், அதாவது ஒரு சுற்று ஓட்டம், போதும்.

ஓடும்பிள்ளைஅப்பா: வருகிறேன். ஆனால் வாட்சில் 13.51 இருந்தால் சீட்டில் 13.5 என்றுதான் எழுதுவேன்.

புகைபார்ப்பவன்: எழுதுங்கள். தலைமை நேரக்காப்பாளர் உங்கள் கண் முன்னாலேயே அந்த எண்ணை அடித்துவிட்டு 13.6 என்று எழுதுவார்.