ஆரை தராமல் கோளத்தின் கனவளவு கேட்கிறார்கள், எப்படிச் செய்வது?

கொக்குவில்_பெடியன்:
போன கிழமை கொழும்புக் கொம்பனி ஒன்றின் இன்டர்வியூவில் கேட்டது இது. திண்மக் கோளம் ஒன்றின் மையத்தூடாக உருளை வடிவில் நேரே துளை போடுகிறோம், துளையின் நீளம் 6 செ.மீ. மிஞ்சும் பகுதியின் கனவளவு என்ன? கோளத்தின் ஆரை எவ்வளவு என்று கேட்டால் தேவையில்லை என்கிறார்கள். சின்னக் கோளமும் பெரிய கோளமும் எப்படி ஒரே விடை தரும்? சொப்ட்வெயார் வேலைக்கு இது எதற்கு என்பது வேறு கதை.

இணுவில்_மச்சான்:
ஆரை வேண்டாம் என்று அவர்களே சொன்னால் துளையின் அகலத்தைப் பூச்சியமாக எடு மச்சான். அப்ப 6 செ.மீ. என்பது கோளத்தின் விட்டம். 4/3 × பை × 27, அதாவது 36 பை, ஏறத்தாழ 113 கன செ.மீ. முடிஞ்சுது.

ஏ_எல்_கணக்கு_வாத்தி:
தம்பி, அது விடை, நிறுவல் இல்லை. ஏன் என்று அடுத்த கேள்வி வரும்.

6 செ.மீ. என்பது துளைச் சுவரின் உயரம். துளையோடு மேலும் கீழும் தொப்பி மாதிரி இரண்டு துண்டுகளும் போய்விடும், உருளையை மட்டும் கழித்துவிட்டு நிற்பவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். சுவரின் விளிம்பு மையத்திலிருந்து 3 செ.மீ. உயரத்தில் கோளத்தைச் சந்திக்கிறது, ஆகவே பைதகரஸ்படி துளை ஆரையின் வர்க்கம் = ஆரை² − 9. இப்போது மையத்திலிருந்து ஏதோ ஓர் உயரத்தில், தோடம்பழத்தை வெட்டுவதுபோல, குறுக்கே வெட்டுங்கள். வெளிவட்டத்தின் பரப்பு பை × (ஆரை² − உயரம்²), ஓட்டையின் பரப்பு பை × (ஆரை² − 9). கழித்தால் பை × (9 − உயரம்²). ஆரை வெட்டுப்பட்டுப் போச்சு, பார்த்தீர்களா? 3 செ.மீ. ஆரையுள்ள முழுக் கோளத்தை அதே உயரத்தில் வெட்டினாலும் இதே பரப்புத்தான். எல்லா உயரத்திலும் வெட்டுமுகம் சமன் என்றால் கனவளவும் சமன், இத்தாலியரான கவலியேரி 1635இல் புத்தகமாகவே போட்ட விசயம். தொகையீடு தெரிந்தவர்கள் −3இலிருந்து 3வரை போட்டுப் பார்க்கலாம்.

கொக்குவில்_பெடியன்:
வெட்டு விளங்குது சேர். ஆனால் பூமியளவு கோளம் என்றாலும் 113 தானா? மனசு ஒப்பவில்லை.

ஏ_எல்_கணக்கு_வாத்தி:
ஓம், அதே 113. பூமியின் ஆரை ஏறத்தாழ 6371 கி.மீ. சுவர் 6 செ.மீ. உயரம்தான் என்றால் பூமி முழுவதும் துளையோடு போய், மத்திய கோட்டில் ஒரு பட்டிதான் மிஞ்சும். அதன் தடிப்பு, கூடிய இடத்திலேயே, 9 ஐ ஆரையின் இருமடங்கால் வகுத்தால் வருவது. போட்டுப் பாருங்கள், ஓர் ஐதரசன் அணுவைவிட மெல்லிசு. சுற்றளவு 40,000 கி.மீ. என்பதால் கணக்கு அப்படியே நேர்ப்படுகிறது.

இணுவில்_மச்சான்:
அந்தப் பட்டியை இன்டர்வியூவில் சொல்லு மச்சான், வேலை தராவிட்டாலும் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.