எத்தனை டிபன் பாக்ஸ் தொலைத்தாள்? ஏடிஹெச்டிக்கு (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) டாக்டர் தேடிய அனுபவங்கள்

மதுரைவாசி:

பையனுக்கு எட்டு வயது. பள்ளியில் கூப்பிட்டு, "இவனை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார்கள். எந்த டாக்டர் என்று யாரும் சொல்லவில்லை. விசாரித்து ஒருவரிடம் போனோம். டோக்கன் 47. உள்ளே போய் வெளியே வர ஏழு நிமிடம். பையன் சுழல் நாற்காலியில் சுற்றுவதைப் பார்த்தார், "ஏடிஹெச்டி" என்றார், மாத்திரை எழுதினார். நான் வாயைத் திறப்பதற்குள் 48 உள்ளே வந்துவிட்டார். சீட்டை பர்ஸில் வைத்துக்கொண்டேன், மாத்திரை வாங்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர், குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். பலகையில் "மனநலம்" என்று இருந்ததால் மாமியார் ஆட்டோவை விட்டு இறங்கவே யோசித்தார். அங்கே ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பையன் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பிரித்துப் போட்டான். நான் தடுக்கப் போனேன். "விடுங்கம்மா, இதைப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கேன்" என்றார். பிரசவம் எப்படி, எப்போது நடந்தான், எத்தனை மணிக்குத் தூங்குவான், குறட்டை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். காதையும் கண்ணையும் பரிசோதித்துவிட்டு வரச் சொன்னார். பள்ளிக்கு ஒரு படிவம், எங்களுக்கு ஒன்று கொடுத்தார். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் இப்படி இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டுமாம். 12 வயதுக்கு முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்திருந்தால்தான் இந்தப் பெயரை வைப்பார்களாம்.

வகுப்பு டீச்சர் எல்லாக் கட்டத்திலும் ஒரே மூச்சாக "மிக அடிக்கடி" என்று டிக் அடித்திருந்தார். தமிழ் டீச்சர் மட்டும் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "கதை சொன்னால் அசையாமல் கேட்பான்." அப்பாடா, அப்போ ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் சிரித்தார். பிடித்ததில் ஒட்டிக்கொள்வதும் பிடிக்காததில் நிற்க முடியாததும் இதில் சகஜம் என்றார். கடைசியில் அவர் சொன்னதும் ஏடிஹெச்டிதான். முதல் டாக்டர் சொன்னது தப்பே இல்லை. ஆனால் இவர் சொன்னபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. தினமும் காலையில் பிள்ளை கையில் மாத்திரையைக் கொடுக்கப்போவது நான்தானே.

பசி குறையும் என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் மாத்திரைக்கு முன்னால் மூன்று தோசையை உள்ளே தள்ளிவிடுகிறேன். மதியச் சாப்பாடு பாதி திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் எடையும் உயரமும் பார்க்கிறார்.

நெல்லைப்பெண்:

எனக்கு 34 வயது, சென்னையில் ஐடி வேலை. முதலில் பார்த்தவர், "இன்ஜினியரிங் முடிச்சிருக்கீங்க, உங்களுக்கு எப்படிம்மா இது இருக்கும்? ஸ்ட்ரெஸ்தான்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். படித்து முடித்தது உண்மைதான். ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தைய இரவு மட்டும் படித்து, அழுது, காய்ச்சலோடு எழுதியதை அவர் கேட்கவில்லை.

அடுத்தவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, பழைய பள்ளி ரேங்க் கார்டு இருந்தால் எடுத்து வாருங்கள் என்றார்கள். ஊருக்குப் போய் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். நாலாம் வகுப்புக் கார்டில் டீச்சர் எழுதியிருந்தார்: "கெட்டிக்காரி. வகுப்பில் இருப்பதில்லை." அதே கார்டில் வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு!

சின்ன வயதில் என்னை அறிந்த ஒருவரிடம் பேச வேண்டும் என்று டாக்டர் அம்மாவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் அம்மா, "எம்புள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது டாக்டர், தங்கம்" என்றாள். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். டாக்டர் நிதானமாக, "ஸ்கூல்ல எத்தனை டிபன் பாக்ஸ் தொலைச்சிருப்பாங்க?" என்று கேட்டார். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு இருபது நிமிடம் அம்மாவை நிறுத்த முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் படிவத்தையும் நிரப்பச் சொன்னார். அது வடிகட்டத்தான், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றும் சொன்னார். தைராய்டு, பிரஷர், நாடித்துடிப்பு எல்லாம் பார்த்த பிறகே மெதைல்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மாத்திரையை எழுதினார்.

ஒரு விஷயம், இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. விற்பதற்குக் கடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். மூன்று மெடிக்கல் ஷாப்பில் கையை விரித்தார்கள், ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்தக் கடையில் கிடைக்கும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அலைய முடியாது என்றால் அடோமாக்ஸெட்டின் என்ற வேறொரு ஏடிஹெச்டி மருந்தும் இருக்கிறது, அதற்கு இந்தக் கெடுபிடி கிடையாது. ஆனால் வேலை செய்ய சில வாரம் ஆகும்.

சேலத்து அப்பா:

எங்களிடம் ஒரு சென்டரில் பிரெயின் மேப்பிங் என்று சொல்லி, பிள்ளை தலையில் தொப்பி மாட்டி, சிவப்பும் பச்சையுமாகப் படம் எடுத்து ஆறாயிரம் வாங்கினார்கள். பிறகு பார்த்த டாக்டர் அந்தக் காகிதத்தை மடித்து என்னிடமே தந்துவிட்டார். ஏடிஹெச்டியை உறுதிசெய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது என்று ஆறாயிரம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த சென்டரில் "டாக்டர்" என்று கூப்பிட்டவர் கவுன்சிலர். கிளினிக்கல் உளவியலாளர் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டேன், கோபித்துக்கொண்டார்கள். பதிவு இருந்தாலும் அவர்கள் மருந்து எழுத முடியாது, அதற்கு மனநல மருத்துவர் மாதிரி ஒரு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

டெல்டாக்காரன்:

பணம் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் பார்த்தது அரசு மருத்துவக் கல்லூரி மனநல ஓபியில். காத்திருப்பு அதிகம், ஒரு முழுநாள் வேலை போகும். ஆனால் அவசரப்படுத்தவில்லை. ஒரே சிக்கல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிஜி டாக்டர் (மேற்படிப்பு படிப்பவர்) இருப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை என் மனைவி நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டாள். தேதி, மருந்து அளவு, தூக்கம், பள்ளியில் வந்த புகார் எல்லாம் அதில் இருக்கும். இப்போது புது டாக்டர் வந்தால் நோட்டை நீட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். அவர்களும் அதில் இரண்டு வரி எழுதித் தருகிறார்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416க்கு போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

மதுரைவாசி:

நோட்டு நல்ல யோசனை, இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். @நெல்லைப்பெண், அதிருக்கட்டும், டிபன் பாக்ஸ் கணக்கு எத்தனை என்று அம்மா சொன்னார்களா?

நெல்லைப்பெண்:

பதினொன்று. தண்ணீர் பாட்டில் தனிக்கணக்காம்.