பாண்டி சாயங்கால ஹெரிடேஜ் வாக்: வாய்க்காலைத் தாண்டாத டூர் எதுக்கு?

ஊர்சுத்தி வேலு:
பாண்டிச்சேரில சாயங்காலம் கைடு கூட்டிட்டுப் போற வாக் ஒண்ணு போயிட்டு வந்தேன், செம கடுப்பு. காந்தி சிலை, லைட்ஹவுஸ், போர் நினைவுச் சின்னம், அப்புறம் டூமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, மஞ்ச சுவரு முன்னாடி ஆளாளுக்கு போட்டோ, அவ்ளோதான் முடிஞ்சுது. பிரெஞ்சுக்காரங்க இருந்த ஒயிட் டவுனையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, அதாவது தமிழ்ப் பக்கம், ஒரு அடி கூட வைக்கல. போதாததுக்கு அந்தத் தம்பி "இதெல்லாம் டூப்ளே காலத்துக் கட்டடம்"னு அடிச்சு விடுறான். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே 1754லயே பிரான்சுக்குக் கப்பலேறிட்டாரு, 1761 ஜனவரில பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைஞ்சதும் இங்கிலீஷ்காரன் ஊரையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டான், இப்ப நாம பாக்குறது எல்லாம் அதுக்கப்புறம் எழும்புனது. இதைக்கூட சொல்லலேன்னா காசு குடுத்து கைடு எதுக்கு, நானே நடந்துப்பேனே.

பெஞ்ச் பார்ட்டி:
பாஸ், ஒரு தம்பி சொதப்புனதுக்கு சாயங்கால வாக்கே வேஸ்ட்னு சொல்றது ஓவர். பகல் பதினொரு மணிக்கு அந்த வெயில்ல நடந்து பாருங்க, வரலாறெல்லாம் ஆவியாப் போயிடும். ஆறு மணிக்கு பீச் ரோட்ல வண்டியை நிறுத்திடுவாங்க, மறுநாள் காலைல ஏழரை வரைக்கும் நடக்குறவங்களுக்குத்தான் ரோடு, ஊர் சனமே வந்து உக்காரும். டூர்னா பிஎச்டி இல்ல, குடும்பத்தோட வர்றவங்களும் இருப்பாங்க.

டைரி பைத்தியம்:
வேலு சொல்றதுல இன்னொண்ணும் சேத்துக்கோங்க. வீதியெல்லாம் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி இருக்கேன்னு எல்லா கைடும் பிரெஞ்சுக்காரனைப் புகழுவாங்க. 1693ல இருந்து 1699 வரைக்கும் ஊர் டச்சுக்காரன் கைல இருந்துச்சு, அந்தக் கட்டம் கட்டமான பிளான் அவன் போட்டது, திரும்பி வந்த பிரெஞ்சுக்காரன் அதையே புடிச்சுக்கிட்டான்.

அதை விடுங்க, பெரிய கதை மேற்குப் பக்கம்தான் கெடக்கு. சம்பா கோயில்னு சர்ச் இருக்குல்ல, மிஷன் வீதில, அதை ஒட்டித்தான் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இருந்துச்சு. 1748ல இங்கிலீஷ்காரன் முற்றுகை போட்டப்ப பிரெஞ்சு அதிகாரிங்களே அதை இடிச்சாங்க, ஆனந்தரங்கப் பிள்ளை டைரில வயிறெரிஞ்சு எழுதியிருக்காரு. அவரு யாரு, டூப்ளேவோட துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் ஏஜெண்ட்டும், அவங்க ஆளு! அவருக்கே அவ்ளோ வேதனை. இப்ப இருக்குற ஈஸ்வரன் கோயில் பின்னாடி வேற இடத்துல கட்டுனது. இதைச் சொல்லாம காகிதப்பூவைக் காட்டிட்டு இதுதான் பாண்டினா எப்படி?

பெஞ்ச் பார்ட்டி:
சரி டைரி சார், நீங்க சொல்றதெல்லாம் உண்மைன்னே வெச்சுக்குவோம். துறைமுகப் பட்டணம் துறைமுகப் பட்டணம்னு சொல்றோமே, துறைமுகம் எங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா? இங்க கப்பல் உள்ள வந்து நிக்கிற மாதிரி இயற்கையா ஒரு இடமே கெடையாது. கப்பல் எல்லாம் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், அங்கேருந்து ஆளு சரக்கு எல்லாத்தையும் சலங்குல ஏத்தி கரைக்குக் கொண்டு வரணும். சலங்குன்னா ஆணி இல்லாம கயித்தால பலகையைத் தெச்ச படகு, அலை அடிச்சா வளைஞ்சு குடுக்கும், ஆணி அடிச்ச படகா இருந்தா அந்த அலைல ரெண்டாப் பொளந்துடும். அதை ஓட்டுனது நம்ம குப்பத்து ஆளுங்க, அவங்க கை வைக்கலேன்னா டூப்ளேவும் இல்ல துபாஷும் இல்ல, கவர்னரே ஆனாலும் நனைஞ்சுதான் எறங்கணும். அப்புறம் 1866ல கப்பல் சரக்கு எறக்க கடலுக்குள்ள நீட்டி இரும்புப் பாலம் போட்டாங்க, அது 1952ல புயல்ல போச்சு, மிச்சமிருக்குற தூணு இன்னும் தண்ணில நிக்குது. இதெல்லாம் கடல் முன்னாடி நின்னு சொன்னாத்தான் புரியும், மிஷன் வீதில நின்னு சொல்ல முடியுமா? அதனாலதான் பீச்சுங்கறேன்.

ஊர்சுத்தி வேலு:
இதை எந்த கைடு சொல்றாரு, பேரு வேணாம், எத்தனை மணிக்கு வர்றாருன்னு மட்டும் சொல்லுங்க, மறுபடி காசு கட்டிட்டு வர்றேன் 😂 எங்க தம்பி கடலுக்கு முதுகைக் காட்டி நின்னுட்டு செஞ்சிலேருந்து வந்த தூணைக் காட்டி செல்பி எடுத்துக்கங்கன்னான்.

மிஷன் வீதி மருமக:
எல்லாரும் எங்க பக்கம் டூரைக் கூட்டிட்டு வரணும்னு வரிஞ்சு கட்டிட்டு நிக்கிறீங்க, இங்க குடியிருக்கறவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா? ராத்திரி ஏழு மணிக்கு மாமியார் திண்ணைல உக்காந்து கீரை ஆய்வாங்க, இருபது பேரு வந்து நின்னு "கீழ தமிழ் வீடு, மேல பிரெஞ்சு ஜன்னல்"னு டார்ச் அடிச்சுக் காட்டுறான். வைசியாள் வீதியைப் புதுப்பிச்சதுக்கு 2008ல யுனெஸ்கோ விருது குடுத்தாங்க, சந்தோசம்தான். அதுக்கப்புறம் என்ன, பக்கத்துல பக்கத்துல கெஸ்ட் ஹவுஸு, கஃபே. ஒயிட் டவுன்லயே சுத்திட்டுப் போகட்டும், எங்களுக்கு நிம்மதி.

டைரி பைத்தியம்:
அக்கா, டார்ச் அடிக்கிறது அநியாயம், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா இந்தப் பக்கம் வராம விட்டா நடக்குறதும் நல்லதில்லையே. இந்தக் கடற்கரைலேருந்துதான் ஆளுங்களைப் பிடிச்சு மொரீசியஸ், ரீயூனியன் பக்கம் அடிமையா அனுப்பிச்சாங்க. 1848ல அடிமை முறையை ஒழிச்சப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு ஒப்பந்தக் கூலியா ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் வரைக்கும் பாண்டி காரைக்கால்லேருந்து கப்பல் போச்சு. 1936 ஜூலை 30 சவானா பஞ்சாலைப் போராட்டத்துல துப்பாக்கிச் சூடு, 12 தொழிலாளிங்க செத்தாங்க. ஒயிட் டவுனை மட்டும் பாத்துட்டுப் போறவனுக்கு பிரெஞ்சு ஆட்சின்னா ரொட்டியும் காப்பியும்தான்.

பெஞ்ச் பார்ட்டி:
லீவுக்கு பிள்ளைகளோட வர்றவன்கிட்ட சாயங்காலம் கடல் காத்துல துப்பாக்கிச் சூடு பேசுனா அடுத்த தடவை கோவா போயிடுவான் சார்.

டைரி பைத்தியம்:
போகட்டும். அங்கயும் இதேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊர்சுத்தி வேலு:
சண்டை வேணாம். என் கணக்கு இதுதான்: நாலரைக்கு ஈஸ்வரன் கோயில்ல ஆரம்பி, அங்கேருந்து அந்த வீதில பாரதியார் இருந்த வீடு, வைசியாள் வீதி, சம்பா கோயில், வெளிச்சம் இருக்கறப்பவே மேற்குப் பக்கத்தை முடிச்சிடு, டார்ச்சும் வேணாம் அக்கா வீட்டு திண்ணையும் தப்பிச்சுது. அப்புறம் வாய்க்காலைத் தாண்டி கெழக்கே வா, பீச் ரோடு அடைக்கிற நேரத்துக்குக் கடற்கரை, அங்க சலங்குக் கதை. நம்ம கடல் கெழக்குப் பக்கம், சூரியன் ஊருக்குப் பின்னாடி எறங்குது, சாயங்காலம் பீச்சுல அஸ்தமனம் பாக்கப் போறேன்னு யாரும் ஏமாற வேணாம். பத்து பேருக்கு மேல கூட்டிட்டு வராதே, மைக் வெக்காதே.

மிஷன் வீதி மருமக:
நாலரைக்கு ஸ்கூல் வுடுற நேரம் தம்பி, எங்க வீதில ஆட்டோ அடைச்சுட்டு நிக்கும். ஞாயித்துக்கெழம ஸ்கூல் இல்லதான், ஆனா காந்தி வீதி பூரா சண்டே மார்க்கெட், ஈஸ்வரன் கோயில் வாசலுக்கே போய்ச் சேர முடியாது. காலைல ஏழு மணிக்குக் கூட்டிட்டு வாங்களேன், கோலம் போட்டிருப்போம், வெயிலும் இருக்காது.

பெஞ்ச் பார்ட்டி:
காலைல ஏழு மணிக்கு பாண்டில எந்த டூரிஸ்ட்டுக்கா எந்திரிப்பான்?