ஹெலிகோபாக்டர் பைலோரி: ஒரே வீடு, வேறு வேறு வயிறு

ஜெல்தடம்
இந்த மன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இது வயிற்றில் குடியிருந்து அல்சரும், சிலருக்குப் புற்றும் வரவைக்கும் பாக்டீரியா. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஒரு கணவன், மனைவி இருவரின் பயாப்ஸியும், அதாவது இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துண்டும், சேர்ந்தே வந்தது. இருவருக்குமே கிருமி உண்டு. மரபணுவைப் பல பிரதி எடுக்கும் பிசிஆர் முடித்து, அந்தப் பிரதிகளை ஓடவிட்ட ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தால், கிருமியின் வீரியத்தைக் கூட்டும் கேக்-ஏ மரபணுவின் பட்டை கணவரின் தடத்தில் பளிச்சென்று நிற்கிறது. மனைவியின் தடத்தில் அந்த இடம் வெறும் கறுப்பு. அவருக்கு அல்சர், அந்த அம்மாவுக்கோ ஏப்பம் மட்டும்தான். "ஒரே வீட்டில்தானே இருக்கிறோம், எனக்கு மட்டும் ஏன்?" என்றார் கணவர். இது பெரும்பாலும் சின்ன வயதிலேயே பிறந்த வீட்டில் தொற்றுவது என்று சொன்னேன். அவர் முகத்தில் சமாதானமே இல்லை.

ராவிழிப்பு
கறுப்பாக இருந்தால் நிம்மதி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஒரே வயிற்றில் கேக்-ஏ உள்ளதும் இல்லாததும் கலந்தே இருக்கலாம். உங்கள் பயாப்ஸித் துண்டில் எது அகப்பட்டதோ அதுதான் தெரியும். பட்டை இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. கிருமியின் நச்சுப் புரதத்துக்கான வேக்-ஏ மரபணுவின் வகை, நம்முடைய மரபணுக்கள், புகை, உப்பு என்று எத்தனையோ சேர வேண்டும்.
என் அம்மாவுக்கு இரைப்பைப் புற்று. எங்களையும் சோதித்தார்கள், எனக்கும் தம்பிக்கும் கிருமி. தம்பி அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உலகத்தில் பாதிப் பேருக்கு இருக்காம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

கசப்புவாய்
எனக்கு முதல் சுற்று மாத்திரை வேலை செய்யவில்லை. நாள் முழுக்க நாக்கில் இரும்புக் கசப்பு, கடைசியில் மறுபடியும் பாசிட்டிவ். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையில் தரும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பலிக்காமல் போக, அந்த மருந்து போய் ஒட்டும் இடத்துக்கான 23எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற கிருமி மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும். எதிர்ப்புச் சோதனை உண்டா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேளுங்கள். கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை, மாத்திரை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துதான். அதற்கு முன் இரண்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை கூடாது, மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துக் கிருமி போய்விட்டதா என்று முடிவு செய்யாதீர்கள்; கிருமி போன பிறகும் அது நெடுநாள் இருக்கும். இந்தச் சிகிச்சையில் சிலருக்குத் தரும் பிஸ்மத் மருந்தைச் சாப்பிட்டால் மலம் கறுக்கும், அது மருந்தின் நிறம்தான். ஆனால் தார்போல ஒட்டினாலோ தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
இந்தக் கிருமியைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான மருத்துவர் மார்ஷல் 1984-ல் கிருமியைக் குடித்தே அல்சர் வரவழைத்தாரே, அப்புறம் என்ன ஜெல்?

ஜெல்தடம்
அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, அல்சர் இல்லை. 2005-ல் சக ஆய்வாளர் வாரனோடு நோபல் வாங்கியது சரி. கலப்புத் தொற்று பற்றி ராவிழிப்பு சொன்னதும் சரி, ஆனால் பட்டையே வீண் என்பதை ஏற்கமாட்டேன். கேக்-ஏ உள்ள கிருமி அந்தப் புரதத்தை ஊசி போடுவதுபோல இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகிறது. கிழக்காசிய வகைப் புரதம், செல் வளர்ச்சிக்கான சமிக்ஞையைக் கடத்தும் எஸ்எச்பி-2 நொதியை மேற்கத்திய வகையைவிட உள்ளே இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. சரி, தம்பி மாத்திரை எடுத்தாரா? அம்மாவுக்குப் புற்று என்றால், பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குச் சிகிச்சை வேண்டும்.

ராவிழிப்பு
வீண் என்று நான் எங்கே சொன்னேன்? தம்பி இன்னும் எடுக்கவில்லை. எண்டோஸ்கோபிக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறான், அதுவும் அண்ணி சண்டை போட்ட பிறகு.