மறுமொழி: ராக்கி மலை ஆட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். வட அமெரிக்காவின் ராக்கி மலையில் வாழும் பெரிய கொம்புக் காட்டுச் செம்மறிக்கும் (bighorn sheep) அதன் உறவினங்களுக்கும் தமிழில் பெயர் தேடும் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘வரையாடு’ என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

போதாது ஐயா. வரையாடு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது, நம் மாநில விலங்கு. அந்தப் பெயரையே ராக்கி மலை விலங்குக்கும் நடு ஆசியாவின் பாமீர் மலை விலங்குக்கும் கொடுத்தால், பாடம் படிக்கிற பிள்ளை எல்லாம் ஒரே விலங்கு என்றுதான் நினைக்கும். வரையாடு செம்மறிக்கு நெருங்கிய உறவு என்று 2005இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் அதே ஆய்வில்தான் அதற்கு நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினமும் கிடைத்தது. நாம் பெயர் தேடுவது ஓவிஸ் பேரினத்துக்கு, அதாவது செம்மறிப் பேரினத்துக்கு, உரிய காட்டு விலங்குகளுக்கு.

இங்கே முன்மொழிந்த ‘காட்டுக் கம்பளியாடு’ வேண்டவே வேண்டாம். நான் சென்னைப் புளியந்தோப்புக்காரன். ஆட்டுத்தொட்டி என்கிற இறைச்சிக்கூடத்தின் பக்கம் விடியற்காலையில் லாரியிலிருந்து இறங்கும் செம்மறிகளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மெட்ராஸ் ரெட் என்கிற நம் வட்டார இனத்தைத் தடவிப் பாருங்கள்: செங்காவி நிறம், குட்டை முடி, கம்பளியே கிடையாது. மலையில் வாழும் காட்டுச் செம்மறிக்கும் வெளியே தெரிவது சொரசொரப்பான முடிதான். குளிருக்கு அடியில் மெல்லிய கம்பளி இருக்கும், அவ்வளவே. அடர்ந்த கம்பளி மனிதன் வளர்த்து வளர்த்துக் கொண்டுவந்தது. செம்மறி என்றதும் கம்பளி நினைவுக்கு வராத மொழி நம்முடையது. அந்த நன்மையை ஏன் இழக்க வேண்டும்?

இங்கே அக்கா ஒருவர் சொன்ன ‘வருடை’ என்ற பழஞ்சொல் என்னை இரண்டு நாள் விடவில்லை. பரிபாடல் மேட ராசியையே வருடை என்கிறது, ஆகவே செம்மறிப் பொருளும் பொருந்துகிறது. ஆனால் குறுந்தொகையில் மலைமேல் திரியும் வருடை நம் வரையாடுதான் என்று பலர் கொள்கிறார்கள். மறுபடியும் அதே குழப்பம். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

என் பரிந்துரை ‘மலைச்செம்மறி’. அலாஸ்காவின் டால் என்ற காட்டுச் செம்மறி இனம் தூய வெள்ளையாயிற்றே, அதை எப்படிச் ‘செம்’மறி என்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். நெல்லூர் ஆடுகளில் வெள்ளையும் உண்டு. எங்கள் தெருவில் அதையும் செம்மறி என்றுதான் சொல்கிறோம். வாலைத் தூக்கியிருந்தால் வெள்ளாடு, தொங்கவிட்டிருந்தால் செம்மறி. நிறத்தை யாரும் பார்ப்பதில்லை.

அப்படியானால் ராக்கி மலையில் இருப்பது ‘பெருங்கொம்பு மலைச்செம்மறி’. கிடாவின் கொம்பு இரண்டும் சேர்ந்து 14 கிலோ வரை போகும். மானைப்போல் உதிர்வதில்லை, ஆண்டுக்கு ஒரு வளையம் விழும், எண்ணி வயது சொல்லலாம். மரத்துக்கு வழங்கும் ‘ஆண்டு வளையம்’ இதற்கும் பொருந்தும்.

இன்னொரு சொல்லும் தேவை. பெருங்கொம்பு மலைச்செம்மறி செங்குத்துப் பாறையிலேயே குடியிருப்பதில்லை. திறந்த புல்சரிவில் மேயும், ஆனால் ஓடினால் எட்டிவிடும் தூரத்தில் பாறை இருக்க வேண்டும். ஓநாய் தலை தெரிந்ததும் அங்கே ஏறிவிடும். பெட்டைகள் குட்டி போடுவதும் அப்படிப்பட்ட இடங்களில்தான். புல் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பாறை பக்கத்தில் இல்லாத இடம் அதற்கு வாழிடமே ஆகாது. இதை வெறும் ‘மறைவிடம்’ என்று எழுதுகிறார்கள். அது ஒளிவதில்லை, ஏறி நின்று பார்க்கிறது. ‘புகல்பாறை’ எனலாமா? புணர்ச்சி விதிப்படி ‘புகற்பாறை’ என்பீர்கள், சரி, ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு முன்னதுதான் வாயில் நுழையும். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.