முதலாம் வருட மலையகப் பிள்ளைகளுக்குக் குப்பி (மூத்த மாணவர்கள் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு) வைக்கலாமா?

ஹட்டன்_பிள்ளை:
கொழும்பில் பயோ சயன்ஸ் மூன்றாம் வருடம். வந்த புதிதில் ஆங்கில லெக்சரில் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் கிறுக்கிக்கொண்டு போய், இரவு வெள்ளவத்தை போர்டிங்கில் தேடிப் பார்ப்பேன். ஏ.எல்லில் (உயர்தரத்தில்) தமிழில் இழைமணி என்று படித்ததைத்தான் சேர் மைட்டோகொன்ட்ரியா என்கிறார் என்று புரியவே ஒரு கிழமை போனது. யாரிடமும் கேட்கவில்லை, வெட்கம். இந்த முறை வந்த தோட்டத்துப் பிள்ளைகளும் பின்வரிசையில் அப்படியே பேசாமல் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குப்பி வைக்க ஆசை, ஆனால் தனியாகக் கூப்பிட்டால் மக்குப் பிள்ளைகள் என்று பெயர் விழும் என்கிறாள் தோழி. என்ன செய்ய?

கணக்கு_அண்ணா:
தங்கச்சி, அது குப்பியில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் கல்குலஸ் கணிதப் பாடத்தில் தவறினார்கள். அக்கறையில்லை, வீடு சரியில்லை என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். ஊரி ட்ரைஸ்மன் என்பவர் கூடவே இருந்து பார்த்தால், பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் படிக்கிறார்கள், ஆனால் தனித்தனியாக. சீன வம்சாவளி மாணவர்களோ கூடியிருந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். அவர் தொடங்கிய வகுப்பில் இலகு கணக்கே இல்லை, கடினமானதைக் கொடுத்துச் சேர்ந்து செய்ய வைத்தார். அப்படி வைத்தால் யார் மக்கு என்று சொல்வது?

பதுளை_லேப்:
குப்பியோடு நிறுத்தாதீர்கள் அக்கா, லேப்புக்கும் கூட்டிப்போங்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி தொடங்கிய மேயர்ஹோஃப் என்ற விஞ்ஞானப் புலமைப்பரிசில் திட்டத்தில் 1989இல் முதலில் சேர்ந்தது 19 கறுப்பின மாணவர்கள். வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் ஒன்றாகத் தங்கிப் படிப்பார்கள், அப்புறம் ஆய்வுகூடங்களில் வேலை. மொடேர்னா கொவிட் தடுப்பூசிக்கு உழைத்த கிஸ்மேகியா கோர்பெட் அங்கே படித்தவர்தான். என்னை இரண்டாம் வருடத்தில் ஒரு மிஸ் கூப்பிட்டு, கையைப் பிடித்து பிபெட் (திரவத்தை அளந்தெடுக்கும் குழாய்) பிடிக்கக் காட்டித் தந்தார். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சயன்ஸ் என்றால் டொக்டர், இல்லாவிட்டால் டீச்சர். ஆராய்ச்சி என்று ஒரு வேலை இருப்பதே அன்றுதான் தெரியும்.

ஹட்டன்_பிள்ளை:
சரி, வரும் சனிக்கிழமை தொடங்குகிறேன், பாஸ்ட் பேப்பரில் இருக்கிற கஷ்டமான கேள்விகளோடு. அந்தப் பழைய கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதையும் எடுத்துப்போகிறேன்.